இரண்டு குடம் தண்ணீர்

நடவு வயலுக்குப் பத்து மணிக்குக் குடம் வரும்போது எங்கள் பெரியம்மா ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி குனிந்துவிடுவார். குடிக்கமாட்டார். காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கினால் கரையேறும் வரைக்கும் அப்படித்தான். விவசாயக் கூலிக்காரர்களின் சங்க வேலைக்கு வந்து இரண்டு வருடமாகியும் நான் இதைக் கவனிக்கவில்லை. கூலி, கோரிக்கை, மனு என்றே பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "வெயில் இப்படிக் காயுது, ஒரு சொம்பு குடிக்கக் கூடாதா பெரியம்மா?" என்று கேட்டபோதுதான் சொன்னார்.

"குடிச்சா ஒதுங்கணும்ல. எங்கடி ஒதுங்குறது? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெட்டவெளி. வரப்புல ஆம்பளைங்க நிக்கிறாங்க."

அந்த நடவுக் கூட்டத்தில் 17 பெண்கள். அன்றைக்குச் சாயங்காலமே வீடு வீடாகப் போய் வாசலில் உட்கார்ந்து கேட்டேன். எல்லோருக்கும் இதே கதை. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, தீட்டு நாளில் துணி மாற்ற வழியில்லாமல் சேற்றிலேயே மதியம் வரை நிற்பது. ஒரு சின்னம்மா காலை நீட்டிக் காட்டினார். விரலிடுக்கு முழுக்கச் சேற்றுப்புண், தோல் வெளுத்துப் பிளந்து கிடந்தது. மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவியிருந்தார். "காலையில தண்ணியில வச்சதும் முதல் பத்து நிமிஷம் உயிர் போவும். அப்புறம் மரத்துரும்" என்றார். இது எதுவும் எங்கள் கோரிக்கை மனுவில் இல்லை. எழுதியது நான்தான்.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில், தலைஞாயிறு பக்கம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கு. கூலிக்காகப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கி, பண்ணையாட்களுக்குக் கொடுத்த சவுக்கடியையும், சாணியைக் கரைத்துப் புகட்டிய சாணிப்பாலையும் ஒழிக்கப் பாடுபட்ட சீனிவாசராவின் பெயரை எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை நிலக்கிழார் ஆட்கள் எரித்தார்கள். அடுத்த வருடம் தஞ்சை மாவட்டத்துக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெண்மணி நினைவு நாளுக்குப் போயிருக்கிறார். சங்கம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒதுங்க இடம் கேட்பதும் சங்க வேலைதான் என்று எனக்குப் புரிய அத்தனை நாள் ஆயிற்று.

முதலில் செய்தது ரொம்பச் சின்ன வேலை. நான்கு மூங்கில், மூன்று பக்கத்துக்குக் கீற்றுத் தட்டி, நான்காவது பக்கம் ஒரு பழைய சேலை. கழற்றி எடுத்து லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போகலாம். எந்த வயலில் நடவோ அந்தக் களத்து மேட்டில் நட்டுவிடுவோம். மூங்கில் கொடுத்தவர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி. "எங்க வீட்டுப் பொம்பளையும்தான் வயலுக்கு வருது, இத்தனை வருஷம் எனக்கு இது தோணலையே" என்று அவரே வெட்டிக்கொண்டு வந்தார். மனு கொடுத்தே பழகிய எனக்கு, மனுவே இல்லாமல் ஒரு காரியம் ஒரே வாரத்தில் முடிந்தது பெரிய ஆச்சரியம். அந்தத் தட்டி வந்த பிறகுதான் பெண்கள் கூட்டத்துக்கு முழுசாக வந்தார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: பெரிய கோரிக்கையை விட்டுவிட வேண்டாம், ஆனால் பத்து நாளில் கையில் கிடைக்கிற ஒன்றை முதலில் எடுங்கள். அது எது என்று வயலில் நிற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்கிற நேரமும் முக்கியம். சாயங்காலம் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் போய், வெங்காயமோ மீனோ கூட உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே பேசினால் வாய் திறப்பார்கள். நாற்காலி போட்டுக் கூட்டினால் ஆண்கள்தான் பேசுவார்கள்.

ஒதுங்க இடம் வந்தது. இனித் தண்ணீர் குடிக்கலாம். அங்கேதான் வேறொன்று முளைத்தது.

எங்கள் பக்கம் நடவு ஆள் பற்றாக்குறை வந்தால் தலித் குடும்பங்கள் இருக்கும் தெற்குத் தெருப் பெண்களும் மற்ற சாதிக்காரர்கள் இருக்கும் குடியானத் தெருப் பெண்களும் ஒரே வயலில் இறங்குவார்கள். சேற்றில் தோளோடு தோள். ஆனால் வரப்பில் இரண்டு குடம் இருக்கும். யாரும் யாரையும் தடுப்பதில்லை, யாரும் எதுவும் சொல்வதில்லை. எந்தக் குடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். நான் பிறந்தது தெற்குத் தெரு. சின்ன வயதில் இதைப் பார்த்து வளர்ந்ததால் அது கண்ணில் படாமலே போயிருந்தது. தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு கூட்டத்தில் எழுந்து, நாளையிலிருந்து ஒரே குடம்தான் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் குடியானத் தெருவிலிருந்து ஆறு பேர் வேலைக்கு வரவில்லை. நடவு பாதியில் நின்றது. விவசாயி வெளியூர் ஆள் வைத்து முடித்தார். எங்கள் எல்லோருக்கும் அன்றைய கூலி போயிற்று.

அந்த ஆறு பேர் மேல் இருந்த கோபத்தைவிட, எங்கள் தெருப் பெரியம்மா என்மேல் பட்ட கோபம்தான் எனக்கு வலித்தது. "நீ சொன்னது தப்பில்ல. எங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நீ பேசி முடிச்சிட்டுப் போயிடுவ. நாங்கதான் நாளைக்கும் அவங்களோட நிரை பிடிச்சு நிக்கணும்."

தீண்டாமையை அரசியல் சட்டமே ஒழித்துவிட்டது, இதில் யாரிடம் அனுமதி கேட்பது என்றுதான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சண்டை யாருடைய முதுகின் மேல் நடக்கிறதோ அவர்களைக் கேட்காமல் தேதி குறிக்கக் கூடாது. அந்த வருடம் நாங்கள் செய்தது, குழாய் வைத்த 20 லிட்டர் கேன் இரண்டு வாங்கியது. குடத்துக்குள் சொம்பு விட வேண்டியதில்லை, அவரவர் டம்ளரில் பிடித்துக்கொள்ளலாம். கேன் யாருடைய வீட்டுக்கும் சொந்தமில்லை, குழுவுடையது. இரண்டு தெருவும் மாறி மாறி நிரப்பிக் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. முதல் தடவை எங்கள் தெரு நிரப்பிய நாளில் நான்கு பேர் குடிக்கவில்லை. அடுத்த தாளடி நடவில் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் இன்னமும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அதையும் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிட்டோம். பேசாமல் விட்டிருந்தால் இரண்டு குடமும் அப்படியே இருந்திருக்கும்.

கூலிப் பேச்சு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தெரு மட்டும் கூலி கூடக் கேட்டால் அடுத்த நாள் பக்கத்து ஊர் ஆட்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார்கள். அவர்களும் நம்மைப்போலத்தான், அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அதனால் நாங்கள் விவசாயிகளிடம் போவதற்கு முன்னால், ஆள் சேர்த்து அனுப்பும் பெண்களை நான்கு ஊரிலிருந்தும் வரவழைத்து ஒரே இடத்தில் உட்கார வைத்தோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் நடவில் தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. எத்தனை மா நிலம் (மூன்று மா ஒரு ஏக்கர்), எத்தனை பேர், எத்தனை மணி நேரம், ஆட்டோ வாடகை யார் தலையில், எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளைதான் எழுதியது. இரண்டு வார நோட்டைப் பார்த்தபோது, ஆட்டோ வாடகையைக் கழித்தால் தூரத்து வயலுக்குப் போனவர்கள் உள்ளூரில் நட்டவர்களைவிடக் குறைவாக வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கே அது தெரியாது. அந்த நோட்டு பேசிய அளவுக்கு நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

சிறு விவசாயியை எதிரியாக நினைத்தால் எங்கள் பகுதியில் ஒன்றும் நடக்காது. இரண்டு ஏக்கர்க்காரர் கூட்டுறவுக் கடனில் உரம் வாங்கி, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி மழைக்குப் பயந்து காவல் இருக்கிறவர். அவரிடம் கேட்க வேண்டியது வேறு, 20 வேலி, அதாவது நூறு ஏக்கருக்கு மேல், சாகுபடி செய்கிறவரிடம் கேட்க வேண்டியது வேறு. சிறியவரிடம் கூலியைச் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டோம். பெரியவரிடம் கூலி உயர்வைக் கேட்டோம். பெரியவர் ஒப்புக்கொண்டால் அதுவே ஊர்க் கூலி ஆகிவிடும். பேசப் போகிற நேரம் நாற்றங்கால் விட்ட பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். நாற்று முற்றிய பிறகு போனால் மிரட்டுவதுபோல் ஆகிவிடும், நடவு முடிந்து போனால் கேட்க ஆளிருக்காது.

100 நாள் வேலை வந்ததும் இதற்கு ஒரு பலம் கிடைத்தது. 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அரசாங்கமே ஒரு கூலியைச் சொன்ன பிறகு அதற்குக் கீழே வயலில் பேசுவது யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. அந்தச் சட்டத்தில் இருந்த இரண்டு விஷயங்களை நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டோம். ஒன்று, வேலை கேட்டு எழுதிக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்கலாம். வாயால் கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். ரசீதுக்காக எழுத்தாக 23 பேர் சேர்ந்து போனோம். தனியாக ஒருவர் போனால் காத்திருக்க வைத்து அலுக்கவைத்துவிடுவார்கள், இது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். இன்னொன்று, வேலை நடக்கும் இடத்தில் 6 வயதுக்குக் கீழே 5 பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து வைக்க வேண்டும். குளத்துக் கரையில் புங்கமரத்தடியில் அந்த வேலையைப் பெரியம்மா பார்த்தார். முதுகு நிமிராமல் போன ஒருவருக்கு மரியாதையாகக் கூலி கிடைத்த வேலை அது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிக்கொல்லியை மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "மருந்து அடிச்ச வயல்" என்று சொல்லும்போது பயம் வருவதில்லை. ஒருமுறை களை பறிக்கப் போன பெண்ணுக்கு ஒன்பது மணிக்கே வியர்த்துக் கொட்டியது. வாந்தி, கை நடுக்கம், வாயோரம் எச்சில் வழிந்தது. முந்தின நாள் சாயங்காலம் அந்த வயலில் பூச்சி மருந்து அடித்திருக்கிறார்கள், யாரும் சொல்லவில்லை. பதறிப்போய் ஒருத்தர் உப்புத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றப் பார்த்தார். நல்லவேளை இன்னொருத்தர் தடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து?" ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் பைக்கில் திரும்ப ஓடிப்போய் வாய்க்கால் ஓரத்தில் கிடந்த காலி பாட்டிலைத் தேடி எடுத்துவந்தான். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊசியை முடிவு செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதிலிருந்து நாங்கள் கடைப்பிடிப்பது: மருந்து அடித்த வயலின் மடையில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். காலி பாட்டிலை விவசாயி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். லேபிளைப் போனில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். லேபிளில் முக்கோணம் சிவப்பாக இருந்தால் விஷம் மிகக் கடுமை, மஞ்சள் அதற்கு அடுத்தது, அப்புறம் நீலம், பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். யாருக்காவது மேலுக்கு முடியாமல் போனால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். துணியைக் களைந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, படத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் மருந்து அடித்தபோது உடுத்திய துணியோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். நிலமில்லாத கூலிக்காரருக்கும் அது உண்டு. விபத்து நடந்த பிறகு அட்டை தேடி அலையக் கூடாது, முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இனிக் கீரை. எல்லாப் பெண்களையும் ரத்தம் பரிசோதிக்கக் கூட்டிப்போனோம். பாதிக்கு மேல் ரத்தம் குறைவு. கிராமச் செவிலியர் அக்கா மாத்திரை கொடுத்துவிட்டு, "தினம் கீரை சாப்பிடுங்க" என்றார். வெளியே வந்ததும் ஒரு சின்னம்மா சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது: "கீரைதாண்டி நாங்க களைன்னு பறிச்சிப் போட்டது. இப்ப அதுவும் முளைக்கல."

ரேஷனில் அரிசி கிடைக்கிறது, 2011இலிருந்து விலையில்லாமல். பருப்பு, பாமாயிலும் உண்டு. அந்த அரிசி எங்கள் தெருவில் பட்டினியைத் துரத்தியது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அரிசிக்கு மேல் என்ன? முன்பு அதற்கு வயலே பதில் சொன்னது. களை பறிக்கும்போது ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வரப்பில் வல்லாரை, கரிசலாங்கண்ணி. வாய்க்காலில் குறவை, கெளுத்தி, கெண்டை. மழை பெய்தால் நத்தை, நண்டு. வீட்டுக்குத் திரும்பும்போது மடியில் ஏதாவது இருக்கும். அது கூலியில் சேராத கூலி. களைக்கொல்லி வந்தது, கீரை போயிற்று, களை பறிக்கிற வேலையும் போயிற்று. இரண்டும் ஒரே பாட்டிலில் போனதை நாங்கள் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது காய் வாங்க பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். போய்வரும் செலவில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கலாம்.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது இது முழுசாகத் தெரிந்தது. தென்னை, மா, முருங்கை எல்லாம் சாய்ந்தன. நிவாரணமாக அரிசி வந்தது, ரொட்டி வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. பச்சையாக ஒரு இலை இல்லை. பத்து நாள் கழித்து, விழுந்து கிடந்த முருங்கையிலிருந்தே கை மொத்தத்துக்குப் போத்து வெட்டி, நுனியில் சாணி அப்பி, வீட்டுக்கு இரண்டு என்று நட்டோம். ஆறேழு மாதத்தில் கீரை ஆய முடிந்தது. புயல் முடிந்த ஊருக்கு உதவி செய்கிறவர்கள் ஒரு கட்டு முருங்கைப் போத்தும் கீரை விதையும் லாரியில் போடுங்கள் என்று அப்போதிலிருந்து எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொல்லையில் போடலாமே என்பார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கொல்லை என்பது ஆறடி. கடைமடையில் கைபம்புத் தண்ணீரும் உப்பு. அதனால் குளத்தங்கரைப் புறம்போக்கில் கொஞ்சம் இடம் கேட்டு மே 1 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தோம். மே 1ஐ எடுத்ததற்குக் காரணம், அன்று கோடை, வயல் வேலை இல்லை, பெண்கள் வர முடியும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். வெற்றுத் தாளில் போட்டுவிட்டு வந்து ஏமாந்த அனுபவம் உண்டு. கிளுவைப் போத்தால் வேலி. முதல் வருடம் ஆடு தின்றது. இரண்டாம் வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை. மூன்றாம் வருடம் முறை வைத்து, ஊற்றியவருக்கு அன்றைய பறி என்று ஆக்கிய பிறகு நிலைத்தது. தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரை, வேலி மேல் அவரை. ஆரைக்கீரை மட்டும் வரவில்லை.

போன சம்பாவில் பெரியம்மா அதைத் தேடிக் கண்டுபிடித்தார். மாப்பிள்ளைச் சம்பா நடும் ஒருவர், மருந்தே போடாதவர், அவர் வயலின் பள்ளத்து மூலையில். வேரோடு ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து குளத்தின் ஓரச் சேற்றில் ஊன்றியிருக்கிறார். நாலு இலையும் விரிந்து நிற்கிறது. யாரையும் பறிக்கவிடுவதில்லை. "இது பரவட்டும். ஒரு மழை போகட்டும்" என்கிறார்.

இந்த ஆடியில் வேறு வேலை காத்திருக்கிறது. பாதி வயலில் இயந்திர நடவு வந்துவிட்டது. இயந்திரம் விட்டுப்போன மூலையிலும் ஓரத்திலும் நாற்று ஊன்றத்தான் எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள், இரண்டு மணி நேர வேலை என்று சொல்லி. அதற்கு இன்னும் கூலி பேசவில்லை. அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்போது கல்லூரியில். அவள் தங்கை புதிய நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்: தேதி, வயல், எத்தனை பேர், எத்தனை மணி, கேன் யார் நிரப்பியது.